குழாய்க்குள்ள வளர்ற கீரையும் எங்க கொடிக்காலும்

என் தங்கச்சி வீடு பாளையங்கோட்டையில், இரண்டாவது மாடி. பால்கனி என்று பேர்தான். ஒரு நாற்காலி போட்டால் கதவு முழுசா திறக்காது. அந்த இடத்தில் மாப்பிள்ளை வெள்ளைப் பிவிசி குழாய் நாலை நட்டக்குத்தலா நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கீரைச்செடி வச்சிருக்கார். அடியில ஒரு வாளி, வாளிக்குள்ள மீன்தொட்டி மோட்டார். தண்ணி மேலே ஏறி, குழாய் வழியா இறங்கி, வேரை நனைச்சிட்டு மறுபடி வாளிக்கு வருது. பார்க்க அழகாத்தான் இருக்கு. இதை அடுக்குத் தோட்டம் என்கிறார்கள், செங்குத்துத் தோட்டம் என்கிறார்கள். சென்னை வாசகர்கள் நிறைய பேர் எனக்கு எழுதிக் கேட்பதும் இதைப் பத்தித்தான்.

போன மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. குழாயைத் தட்டிப் பார்த்தார். இலையைத் தடவிப் பார்த்தார்.

"கீரை நல்லாத்தான் வந்திருக்கு மாப்பிள. கரண்டு போனா என்ன செய்வீய?"

"ஒரு கப்பு எடுத்து மேலேருந்து ஊத்துவேன் மாமா."

"அப்ப நீங்கதான் மோட்டாரு."

எல்லாரும் சிரிச்சோம். ஆனா பஸ்ஸில் திரும்பி வரும்போது முறப்பநாடு தாண்டினதும் அப்பா என்னிடம் சொன்னார்: "ஏல, குழாய்க்குப் பதிலா அகத்தியை நட்டிருந்தா அதையும் திங்கலாம்லா?"

அவர் சொன்னது கொடிக்காலை. அது தெரியாதவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். இந்தச் சொல்லில் இருக்கும் கால், பந்தக்கால் மாதிரி ஊன்றுகாலா, வாய்க்காலில் வரும் காலா என்று நான் வழக்காட வரல. உள்ளே போய் நின்றால் இரண்டும் இருக்கும். பாத்திக்கு ரெண்டு பக்கமும் தண்ணி ஓடும். பாத்தி ஓரத்தில் நெருக்கமா அகத்தி நிற்கும். ஒவ்வொரு அகத்தியிலும் வெற்றிலைக்கொடி ஏறியிருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஈரமா, பச்சை வெளிச்சமா இருக்கும். ஏக்கருக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கொடி நிற்கும். மாப்பிள்ளையின் பால்கனிக் கணக்கையே பெரிசாக்கினால் இதுதான்: தரையில் இடம் கிடையாது, மேலே போ.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, தென்கால் பாசனம். ஆத்தூர், முக்காணி, உமரிக்காடு, கொற்கை என்று ஆறு கடலைச் சேரும் முன்னால் விரியுதே, அந்தப் பகுதி. 1986-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை இதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். தாமிரபரணி மேற்கே பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் விழுது. அகத்தியர் மலையில் பிறந்த ஆறு கடைசியில் அகத்தித் தோட்டத்துக்குப் பாய்ந்து முடியுது என்று எங்க வாத்தியார் ஒருத்தர் வகுப்பில் அடிக்கடி சொல்வார். சொல்லும்போதெல்லாம் அவரே சிரிச்சுக்குவார்.

இங்கே வெற்றிலை எத்தனை காலமா இருக்கு? ஒரு சாட்சி இத்தாலியில் இருந்து வந்தது. 1290-களில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். அவர் காயல் என்று எழுதிய துறைமுகம் இன்றைக்குப் பழையகாயல் இருக்கும் பக்கம் என்று கண்டு சொன்னவர் கால்டுவெல். ஆத்தூரில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். குதிரை வியாபாரத்தையும் ராஜாவின் செல்வத்தையும் சொல்லி வரும் மார்க்கோ போலோ, இந்த ஊர் ஜனங்கள் எந்நேரமும் ஒரு இலையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பதையும் அந்த அத்தியாயத்திலேயே எழுதி வைத்தார். இலைக்கு அவர் கொடுத்த பேர் தாம்பூலம் என்ற சொல்லின் திரிபு. அடுத்த நூற்றாண்டில் வந்த இபின் பதூதா தோட்டத்தையே கவனித்திருக்கிறார். திராட்சையைப் போல மூங்கில் தட்டியில் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் தென்னையில் ஏற்றுவார்கள், காய்க்காக இல்லாமல் இலைக்காகவே வளர்க்கிற கொடி என்பது அவர் குறிப்பு. இலைக்காக மட்டும் ஒரு பயிரை உயரத்தில் ஏற்றி வளர்க்கிறது, வெளியூர்க்காரர் நின்று பார்த்து எழுதுகிற அளவுக்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே பழகின தொழிலா இருந்திருக்கு.

தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்தால் கோயிலுக்கு எழுதி வைத்த நிவந்தங்களில் அரிசி, நெய், தயிரோடு இலையமுது, அடைக்காயமுது என்று வெற்றிலையும் பாக்கும் தனியா வரும். சாமிக்குத் தினமும் வேண்டும் என்றால் வருஷம் முழுக்க இலை பறிக்க முடியணும். வருஷம் முழுக்க இலை வேண்டும் என்றால் வருஷம் முழுக்கத் தண்ணி வேண்டும். நெல்லுக்கு ஒரு வாரம் தண்ணி பிந்தினால் சமாளிக்கலாம். வெற்றிலைக்கொடி ஒரு வாரக் காய்ச்சலையும் தாங்காது, ஒரு வாரம் தேங்கி நிற்பதையும் தாங்காது. அதனால்தான் இது தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் தண்ணி காணும் ஆற்றங்கரைப் பயிர். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரைக்கும் ஏழு அணைகள் வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியே இந்த ஆற்றில் இருந்தது. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை 1870-களில் வந்தது. வடகால், தென்கால் இரண்டும் அதில் இருந்துதான் பிரியுது. கடைமடைக் குளங்களுக்குத் தண்ணி நிதானமா வந்ததும் வாழையும் வெற்றிலையும் இங்கே நிலைச்சிட்டது.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்த இலை மேல் ஒரு கண் இருந்தது. சென்னைப் பட்டணத்தில் வெற்றிலை, புகையிலை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அவர்கள் வருமானம் பார்த்தார்கள். சின்ன இலைதான், காசு பெரிசு.

காசு பெரிசு என்றதும் கொடிக்கால்காரர் எல்லாம் பண்ணையார் என்று நினைச்சிடாதீங்க. எங்க தாத்தா கொடிக்கால் போட்ட நிலம் அவருக்குச் சொந்தம் இல்லை, குத்தகை. முப்பது செண்டு. நெல் போட்டால் ஆறு பேர் சாப்பாட்டுக்கே காணாது. முப்பது செண்டில் குடும்பம் பிழைக்கணும் என்றால் வேற வழி கிடையாது, உயரத்தைத்தான் உழணும். இன்றைக்குப் பட்டணத்தில் இடமில்லாமல் சுவரில் ஏறுகிறவர்களுக்கு இது புரியும்.

கொடிக்கால் போடுவதை ஒரு தடவை முழுசாச் சொல்லுதேன்.

முதலில் மண்ணை வெட்டி உயரமான பாத்தி எடுக்கணும். வெட்டின பள்ளம் வாய்க்கால். அதில் பாய்ச்சவும் செய்யலாம், மழைக்கு வடிக்கவும் செய்யலாம். பாத்தி ஓரத்தில் அகத்தி விதையை வரிசையா ஊன்றணும். வெற்றிலைக்கு முன்னால் அகத்தி என்பதுதான் இதில் முக்கியம். ஒன்றரை, இரண்டு மாசத்தில் அகத்தி ஆள் உயரம் வந்து நிழல் கொடுக்கத் தொடங்கும். அப்போ அதன் தூரில் விதைக்கொடியை நடணும். நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி என்று எங்க பக்கம் மூணு ரகம். கொடி ஏற ஏற, பதினைந்து இருபது நாளைக்கு ஒருதடவை வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டணும். இறுக்கிக் கட்டினால் கொடி வெட்டுப்படும். தொளதொளன்னு கட்டினால் காற்றுக்கு இறங்கிடும். எங்க ஆச்சி கட்டினால் நடுவில் ஒரு சுண்டுவிரல் போகும். அளவு அதுதான்.

அகத்தியை இஷ்டத்துக்கு வளர விடக்கூடாது. உச்சியைக் கிள்ளணும், பக்கக் கிளையைக் கழிக்கணும். கழிச்ச கிளை என்ன ஆகும்? இளசு கீரை, சந்தைக்குப் போகும். முற்றினது ஆட்டுக்கும் மாட்டுக்கும். துவாதசிக்கு முந்தின நாள் டவுனில் அகத்திக்கீரைக்கு ஒரு கிராக்கி வரும், அன்றைக்கு எங்க ஆச்சி கையில் சில்லறை ஓடும். அகத்தி அவரை, துவரை இனத்துப் பயிர். வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கும். ஆக இந்தத் தூண் நிழல் தருது, உரம் தருது, சோத்துக்குக் கீரை தருது, கடைசியில் விறகாவும் ஆகுது. மாப்பிள்ளையின் பிவிசி குழாய் நிற்க மட்டும்தான் செய்யும். அப்பா பஸ்ஸில் சொன்னது இந்தக் கணக்குத்தான்.

அடுத்தது கொடி இறக்குறது. ஒரு வருஷத்தில் கொடி உச்சிக்குப் போயிடும், அடித்தண்டில் இலை இருக்காது, பறிக்க ஏணி வேணும். அப்போ கட்டை அவிழ்த்துக் கொடியைப் பைய இறக்கி, இலையில்லாத தண்டை வட்டமாச் சுருட்டி, தூரில் வச்சு மண் போட்டு மூடி, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் கட்டணும். புதைத்த கணுவெல்லாம் வேர் விடும். கிழட்டுக்கொடி குமரியாகி மறுபடி ஏறும். இடத்தை அகலமாக்காமல், உயரம் தீர்ந்ததும் அதே உயரத்தைத் திரும்பப் பயன்படுத்துறாங்க. நான் படிச்ச எந்த நவீன அடுக்குத் தோட்டப் புத்தகத்திலும் இதைப் பார்க்கல.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்க விடமாட்டார்கள். சாமி குடியிருக்கிற இடம் என்பார் தாத்தா. தூர் அழுகல் நோய் மண்ணோடு ஒட்டிப் பரவும் என்பதால் அதில் விஷயமும் இருக்கு. ஆனா தூரமான பெண்களை உள்ளே விடமாட்டோம் என்று ஒரு கட்டும் கூடவே இருந்தது. அதுக்கு எந்த நோயும் காரணம் இல்லை. தினமும் வெள்ளன எழுந்து இலை பறிச்சு, நூறு நூறா எண்ணிக் கவுளி கட்டினதில் பாதிக்கு மேல் பெண்கள்தான்.

இந்தப் பழக்கம் வயலோடு நிற்கல. திருநெல்வேலி டவுனில் பழைய வளவு வீடுகளைப் பார்த்திருப்பீங்க. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாப் போகும், அகலம் கிடையாது. கடைசியில் புறவாசல். கிணறு, துவைக்கிற கல், அதுக்கு மேல் ரெண்டு சாண் மண். என் பெரியாச்சி வீடு அப்படித்தான். குளிக்கிற தண்ணி போகிற இடத்தில் ஒரு கொடிப்பசலை, கிணற்றுத் தூணில் கயிறு கட்டி மச்சுவரைக்கும் ஏற்றியிருப்பாள். சுவர் ஓரம் தூதுவளை, வேலியில் முசுமுசுக்கையும் முடக்கத்தானும், மூலையில் பிரண்டை. எல்லாம் ஏறுகிற கீரைதான். யாரும் அதைத் தோட்டம் என்று சொன்னதில்லை. ரசத்துக்கு ரெண்டு இலை கிள்ளிக்கிட்டு வா என்பாள், அவ்வளவுதான்.

இப்போ அந்த நவீனச் சொல்லின் கதைக்கு வாரேன். செங்குத்து விவசாயம் என்ற பேரில் 1915-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் கில்பர்ட் எல்லிஸ் பெய்லி. ஆனா அவர் செடியை மேலே ஏற்றச் சொல்லல. வெடி வைத்து மண்ணை ஆழமா இளக்கி, வேரைக் கீழே போகச் சொன்னார். வெளியிட்டது டூபான் வெடிமருந்து கம்பெனி! மேலே ஏறுகிற யோசனைக்கு 1938-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் காப்புரிமை வாங்கினார், அது செடி வளரும் சுவர். மண்ணில்லாமல் தண்ணியில் சத்தைக் கரைத்து வளர்க்கிற முறைக்கு நம்ம நாட்டிலும் ஒரு பழைய முயற்சி உண்டு. 1946-ல் வங்காள அரசின் காலிம்பொங் பண்ணையில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், ஏழை வீட்டிலும் செய்யக்கூடிய மாதிரி இதை எளிமையாக்கப் பார்த்து, 1951-ல் புத்தகமாகவும் போட்டார். மாப்பிள்ளையின் வாளிக்கு அவர் ஒரு வகையில் பெரியப்பா முறை.

1999-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன் டெஸ்பொமியர் தன் மாணவர்களோடு போட்ட கணக்கில் இருந்து, அடுக்குமாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் விவசாயம் என்ற யோசனை உலகம் பூராவும் பரவிச்சு. 2012-ல் சிங்கப்பூரில் ஸ்கை கிரீன்ஸ் பண்ணை, சுமார் ஒன்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் கீரைத் தட்டுகளை மெதுவாச் சுழல விட்டு, எல்லாத் தட்டுக்கும் வெயில் காட்டிச்சு. சூரியனை விடாமல் பிடிச்சுக்கிட்ட அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். விளக்கை நம்பினவர்கள் கதை வேற. மின்சாரக் கட்டணம் ஏறினதும் பெரிய கம்பெனிகளே தடுமாறிச்சு. நியூஜெர்சியின் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அப்பாவின் கேள்வி அமெரிக்காவிலும் பொருந்தும்: கரண்டு போனா என்ன செய்வீய?

தமிழ்நாட்டு அரசு 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் மாடித் தோட்டப் பைகளைக் கொடுக்கத் தொடங்கியது. தென்னைநார்க் கழிவு நிரப்பின பை, விதை, பூவாளி. வாங்கினதில் பலதும் காய்ஞ்சிருக்கும், எனக்குத் தெரியும். ஆனா மொட்டை மாடியில் கீரை வளர்ந்ததை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது அதனால்தான்.

சரி, பட்டணத்துக்காரருக்குக் கொடிக்காலா உதவும் என்று கேட்பீங்க. வெற்றிலைக்கொடி ஒன்று ரெண்டு தொட்டியில் வரும், நேர் வெயில் படக்கூடாது. அதைவிடக் கொடிப்பசலை சுலபம். ஒரு சாண் தண்டை ஒடிச்சு நட்டால் போதும், கயிற்றில் ஏறிடும். தூரில் இலை கழிஞ்சதும் கொடியை இறக்கித் தொட்டி மண்ணுக்குள் சுருட்டிப் புதைச்சு மறுபடி ஏற்றிப் பாருங்க. பெரிய டிரம்மில் ஒரு அகத்தியை வச்சு, மாசம் ஒருதடவை உச்சியைக் கிள்ளினால் அதுவே உங்க குழாய். அடியில் தண்ணி தேங்காமல் ஓட்டை இருக்கணும், அதை மட்டும் மறக்காதீங்க.

தண்ணி தேங்குறது என்றதும் எங்க கதைக்கு வந்திட்டேன். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஊரில் பேப்பரை வெட்டி டீக்கடையில் ஒட்டினாங்க. அதே வருஷம் டிசம்பர் 17, 18-ல் அந்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். குளம் உடைஞ்சு, ஆறு கரை மீறி, எங்க பக்கம் எது வாய்க்கால் எது ரோடு என்று தெரியல. எங்க கொடிக்கால் மூணு நாள் தண்ணிக்குள் நின்றது. வடிஞ்ச பிறகு கொடி பச்சையாத்தான் இருந்தது, பத்து நாளில் தூரில் இருந்து கறுத்து வாடிச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஊற்றிப் பார்த்தோம். தேறினது நாலு பாத்தி.

அதுக்கு முந்தியே பல பேர் விட்டுட்டாங்க. மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாச்சு. 2010 டிசம்பரில் தோழர் நல்லகண்ணு தொடுத்து, அவரே வாதாடின வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. அதற்குள் போன மணல் திரும்பி வராது. கழிமுகத்துப் பக்கம் கிணற்றில் உப்பு ஏறினால் முதலில் சுருளுவது வெற்றிலைதான். நார் கட்டத் தெரிஞ்ச கை இன்றைக்கு எங்க ஊரில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். வெற்றிலை போடுகிறவரும் குறைஞ்சாச்சு. அதில் எனக்கு முழு வருத்தம் என்று சொல்ல மாட்டேன். புகையிலையோடு போட்டுப் போட்டு வாய் புண்ணாகிப் போன ஆட்களை என் குடும்பத்திலேயே பார்த்தாச்சு. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வேண்டிய இலைக்கு எவ்வளவு கொடிக்கால் போதும் என்று யோசிச்சால், இப்போ இருப்பதே போதுமோ என்னவோ. ஆனா கொடிக்கால் போனால் கூடவே அகத்தி போகும், கொடி இறக்குகிற வித்தை போகும், சுண்டுவிரல் அளவும் போகும். அதைத்தான் ஆற மாட்டேங்குது.

போன வாரம் மாப்பிள்ளையும் தங்கச்சியும் வந்திருந்தாங்க. கிளம்பும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாமா, அகத்தி விதை கொஞ்சம் கிடைக்குமா?"

அப்பா அடுக்களைக்குள் போய், போன வருஷத்து விதையைச் சாம்பல் தட்டி ஒரு பழைய துணியில் முடிஞ்சு கொடுத்தார். மீதி ஒரு படி இருந்தது. அதை மறுபடி பானையில் கொட்டாமல் முறத்தில் பரப்பி, திண்ணையில் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிக்கிட்டு இருந்தார்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"நாலு பாத்திக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு பாத்தி எடுக்கலாம்லா. நாளைக்கு வெள்ளன மண்வெட்டியைத் தீட்டி வை."